இருட்டோடு விளையாடுதல்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழா மேடையில் வைத்தியர் ஒருவரை ஏற்றினால் அவர் நீரிழிவு பற்றியோ மூட்டுவாதம் பற்றியோ பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்ப்பது வழக்கம். எங்கள் வகுப்புத் தோழியரே கண்ணாடி இல்லாமல் அழைப்பிதழ் வாசிக்க முடியாத வயதுக்கு வந்துவிட்டோம். ஆகவே அந்த எதிர்பார்ப்பில் பிழையில்லை. என்றாலும் இன்று நாலு வயதுப் பிள்ளையின் இரவுப் பயத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

சிறுவர் கிளினிக்கில் வேலை செய்யும் எங்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். தாய்மார் காய்ச்சல், இருமல், சாப்பாடு எல்லாவற்றையும் சொல்லி முடித்து, மருந்துத் துண்டையும் வாங்கிக்கொண்டு கதவடி வரைக்கும் போவார்கள். அங்கே நின்று திரும்பிப் பார்ப்பார்கள். "டொக்டர், இன்னொண்டு. பிள்ளை இரவிலை படுக்கிறாளே இல்லை. கதவுக்குப் பின்னாலை ஆரோ நிக்கினமாம்." இந்தக் கதவடிக் கேள்விக்கு முன்னர் நாங்கள் கொடுத்த பதில் "வளர வளரச் சரியாகிவிடும்" என்பதுதான். பெரும்பாலும் அது சரியான பதிலே. ஆனால் வளரும் வரைக்கும் அந்த வீட்டில் யாரும் நித்திரை கொள்வதில்லையே! விடிய எழும்பி வேலைக்குப் போகவேண்டிய தாய், பாடசாலையில் மேசையில் தலை வைத்துத் தூங்கும் பிள்ளை, "நீ குடுத்த செல்லம்தான்" என்று குறை சொல்லும் மாமியார். ஒரு சின்னப் பயம் ஒரு குடும்பத்தையே களைக்கச் செய்துவிடும்.

முதலில், பயம் ஒரு நோயல்ல. எட்டு மாதக் குழந்தை தாய் கண்ணுக்கு மறைந்தால் அழுகிறது. மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் கற்பனை முளைக்கிறது. முளைத்த கற்பனை பகலில் இளவரசியையும் இரவில் பேயையும் படைக்கிறது. இரண்டும் ஒரே தொழிற்சாலை. ஏழு, எட்டு வயதில் பேய் கொஞ்சம் பின்னுக்குப் போக, கள்ளன், விபத்து, அம்மா செத்துப் போனால் என்ன செய்வது என்ற எண்ணம் முன்னுக்கு வருகிறது. நெதர்லாந்தில் நாலு வயது முதல் பன்னிரண்டு வயது வரையான 176 பிள்ளைகளிடம் கேட்டு, 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில் நூற்றுக்கு 73 பேர் தமக்கு இரவில் பயம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். அதே ஆய்வில், வளர்ந்த பிள்ளைகளுடைய பயத்தைப் பெற்றோர் குறைத்தே மதிப்பிட்டதும் தெரியவந்தது. பத்து வயதுப் பிள்ளை பயத்தைச் சொல்ல வெட்கப்படும். தண்ணீர் விடாய்க்குது, வயிறு நோகுது, கணக்கு ஒன்று செய்ய மறந்துவிட்டேன் என்று எழும்பி எழும்பி வரும். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் 'வயிற்று நோவு' சிலவேளை இருட்டில்தான் தொடங்குகிறது.

எங்கள் ஊரில் பயத்தை உண்டாக்குவதற்கும் ஆட்கள் தேவையில்லை. சோறு தீத்தும்போது பேய், வெயிலில் வெளியே ஓடினால் பிள்ளைபிடிகாரன், குழப்படி செய்தால் ஊசி போடும் டொக்டர். (எங்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள் என்பது எங்களுக்கு நெடுநாள் மனத்தாங்கல்.) 2011ஆம் ஆண்டு நாடு முழுவதும் 'கிறீஸ் பூதம்' என்றொரு கதை பரவியது நினைவிருக்கும். அந்த ஓகஸ்ட் மாதத்தில் பெரியவர்களே பொல்லும் கையுமாக முற்றத்தில் விழித்திருந்தார்கள். ஒழுங்கையில் பெரியவர்கள் அப்படி நிற்பதைக் கண்ட பிள்ளைக்கு, "பேய் எண்டு ஒண்டும் இல்லை, பேசாமல் படு" என்று சொன்னால் நம்புமா?

எங்கள் வயதுக்காரருக்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. நாம் 1990களில் பள்ளிக்கூடம் போனவர்கள். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய், அதில் ஊறிய பஞ்சு, சுருண்டு ஏறும் திரி. இரவென்றால் எங்கள் காதுகள் வானத்தில்தான் இருந்தன. எந்தச் சத்தத்துக்கு பங்கருக்குள் ஓடவேண்டும், எதற்கு ஓடத் தேவையில்லை என்பதைப் பத்து வயதிலேயே பிரித்தறிந்தவர்கள் நாம். 1995 ஒக்ரோபர் கடைசியில் ஊரோடு வெளிக்கிட்டு நடந்த அந்த இரவை இங்கே இருக்கும் பலர் இன்னும் கால்களில் உணர்வார்கள். அந்தக் காதுகள் இன்னும் எங்களிடம் இருக்கின்றன. ரொறன்ரோவில் நடு இரவில் பனி வாரும் வாகனம் வந்தால் பிள்ளைக்கு முன்னரே எழும்பிக் குந்தும் தாய்மார் எங்களோடு படித்தவர்கள். பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்துத்தான் ஒரு சத்தம் ஆபத்தா இல்லையா என்று படிக்கிறது. ஆகவே பிள்ளையின் இரவுப் பயத்தைப் பற்றிப் பேசும்போது நாம் எங்களைப் பற்றியும் கொஞ்சம் பேசவேண்டித்தான் இருக்கிறது.

இப்போது கைத்தொலைபேசிக்கு வருவோம். பிள்ளை படுக்க மறுக்கிறது. கையில் ஃபோனைக் கொடுத்தால் அடங்குகிறது. பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். யூரியூப்பில் ஒரு கார்ட்டூன் முடிய அடுத்தது தானாக வரும், அதற்கடுத்ததும் தானாக வரும். நாலாவதாக வருவது என்ன என்று பார்க்க அம்மா அறையில் இருக்கமாட்டா. 2021இல் வெளிவந்த 'பொப்பி பிளேரைம்' என்பது ஒரு திகில் விளையாட்டு. அதில் வரும் நீல நிற மயிரும் நீண்ட கைகளும் கூரிய பற்களும் கொண்ட 'ஹகி வகி', பிறகு கடைகளில் தொங்கும் பஞ்சுப் பொம்மையாகவும் ஆகிவிட்டது. பொம்மை என்று நினைத்து வாங்கிக் கொடுத்த பெற்றோருக்கு அது துரத்திப் பிடிக்கும் பூதம் என்று தெரியாது, பிள்ளைக்குத் தெரியும். எங்கள் கிளினிக்கில் பிள்ளைகள் வரையும் பேய்களில் இப்போது வெள்ளைச் சேலை கட்டிய மோகினி அரிது. நீல நிறப் பேய்தான் அதிகம்.

அதனால், பயம் போக்கக் கைத்தொலைபேசி விளையாட்டைப் பயன்படுத்தலாம் என்று நாங்கள் சொல்லும்போது, "நீங்களுமா டொக்டர்?" என்று சில ஆசிரியைகள் முறைத்துப் பார்ப்பது எமக்கு விளங்குகிறது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

விளையாட்டால் பயம் குறையும் என்பது பழைய சங்கதி. 1924ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீற்றர் என்ற சிறுவனுக்கு, அவன் விரும்பிய உணவைச் சாப்பிடும் நேரத்தில் முயலை ஒவ்வொரு அடியாகக் கிட்டக் கொண்டுவந்தார். கடைசியில் அவன் முயலைத் தடவி விளையாடினான். பயமும் மகிழ்ச்சியும் ஒரே நேரத்தில் ஒரே பிள்ளைக்குள் இருப்பது கடினம்; மகிழ்ச்சி பலமாயிருக்கும் நேரம் பார்த்துப் பயத்தைச் சிறிது சிறிதாக உள்ளே விடவேண்டும். முயலுக்குப் பதிலாக இருட்டை வையுங்கள். அவ்வளவுதான் எங்கள் மருத்துவம்.

1975இல் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் செய்த இன்னொரு பரிசோதனை எமக்கு மிகவும் பிடித்தது. சில பிள்ளைகளுக்கு "இருட்டு நல்ல இடம்" என்ற கருத்தில் ஒரு வசனம் சொல்லிக்கொடுத்தார்கள். வேறு சிலருக்கு "நான் துணிந்த பிள்ளை, இருட்டில் என்னால் என்னைப் பார்த்துக்கொள்ள முடியும்" என்ற கருத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். இருட்டறையில் கூடுதல் நேரம் இருந்தவர்கள் இரண்டாவது வகைப் பிள்ளைகள். நாங்கள் வீடுகளில் செய்வது பெரும்பாலும் முதலாவது. "அங்கை ஒண்டும் இல்லை, இருட்டு நல்லது" என்று இருட்டுக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறோம். பிள்ளைக்குத் தேவை தனக்கு ஒரு நற்சான்றிதழ்.

இஸ்ரேலில் அவி சாடே என்ற நித்திரை ஆய்வாளரின் குழு செய்ததும் இதே வழிதான். 2006ஆம் ஆண்டு லெபனான் யுத்தத்தின்போது வீடுகளை விட்டு முகாமுக்கு வந்திருந்த சின்னப் பிள்ளைகளுக்கு, முகம் வாடிய ஒரு நாய்க்குட்டிப் பொம்மையைக் கொடுத்தார்கள். இது வழக்கமாகச் சந்தோசமான நாய்க்குட்டி, இப்போது வீட்டை விட்டுத் தூரத்தில் இருப்பதால் கவலையாக இருக்கிறது, நீ இதைப் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டார்கள். பிள்ளைகளின் பதற்றம் குறைந்தது. பின்னர் இரவுப் பயம் உள்ள நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடமும் இதைப் பரீட்சித்து 2012இல் வெளியிட்டார்கள். பொம்மை உன்னைக் காக்கும் என்று சொன்னாலும் சரி, பொம்மையை நீ காக்கவேண்டும் என்று சொன்னாலும் சரி, பயம் குறைந்தது. யுத்தத்தின் எந்தப் பக்கத்தில் பிறந்தாலும் பிள்ளை பிள்ளைதான் என்பதும், முகாம் என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல என்பதும் இந்த ஆய்வை வாசித்தபோது மனதில் வந்து போயின.

இனி டிஜிற்றல் விளையாட்டு. நெதர்லாந்தில் றட்பௌட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'மைன்ட்லைற்' என்ற கணினி விளையாட்டை வைத்து ஆய்வு செய்தார்கள். பாட்டியின் பழைய மாளிகை இருண்டு போய்க் கிடக்கிறது. அதற்குள் ஒரு சிறுவன் போகவேண்டும். விளையாடும் பிள்ளை தலையில் ஒரு பட்டி அணிந்திருக்கும். அது மூளையின் மின்னலைகளை அளக்கும். பிள்ளை மனதை ஆறுதலாக வைத்திருந்தால் விளையாட்டில் உள்ள சிறுவனின் தலை வெளிச்சம் பிரகாசமாகும், பதறினால் மங்கும். இருட்டைத் துரத்த ஒரே வழி அமைதியாய் மூச்சு விடுவதுதான். என்ன அழகான யோசனை!

பதற்றம் கூடிய பாடசாலைப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு இதையும், இன்னொரு பகுதியினருக்கு பயத்தோடு சம்பந்தமில்லாத சாதாரண விளையாட்டு ஒன்றையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். 2016இல் வந்த முடிவு: இரண்டு பகுதியினருக்கும் பதற்றம் குறைந்தது, ஏறக்குறைய ஒரே அளவு. இரண்டு வருடங்களின் பின்னர் வந்த ஆய்வில், குழுவாகக் கொடுக்கப்படும் உளச் சிகிச்சைக்கு ஈடாக அந்த விளையாட்டு நின்றது. விளையாட்டை விற்பவர்கள் இரண்டாவது முடிவை மட்டும் சொல்வார்கள். நாங்கள் முதலாவதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறோம். விலை கூடிய தலைப்பட்டி இல்லாமலும் பிள்ளைக்கு ஏதோ கிடைத்திருக்கிறது. ஒரு பெரியவர் தன்னைக் கவனித்து, நேரம் ஒதுக்கி, "இது உனக்கு உதவும்" என்று நம்பிக்கையோடு சொல்லி, பிள்ளையும் ஒரு கடினமான கட்டத்தைத் தாண்டி முடித்த திருப்தி அது என்று நாங்கள் நினைக்கிறோம். அப்படியானால் ஆளுக்கொரு பழைய ஃபோன் இருக்கும் எங்கள் வீடுகளிலும் இதைச் செய்யலாமே.

அப்படித்தான் கிளினிக்கில் சில விளையாட்டுகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினோம். எதற்கும் காசு கொடுத்துத் தரவிறக்கத் தேவையில்லை.

முதலாவது சத்த வேட்டை. இரவில் பிள்ளையைப் பயமுறுத்துவதில் பாதி சத்தம். காய்ந்த பனையோலை சரசரக்கும், பல்லி சொல்லும், தகரக் கூரையில் பூனை நடக்கும், குழாயில் தண்ணீர் சொட்டும், தூரத்தில் நாய் ஊளையிடும். ஃபோனில் குரல் பதியும் வசதி எல்லாவற்றிலும் உண்டு. பின்னேரம் ஆறு, ஆறரைக்குப் பிள்ளையும் அப்பாவும் ஃபோனை எடுத்துக்கொண்டு வளவைச் சுற்றி ஐந்து சத்தம் பிடிக்கவேண்டும். அடுத்த நாள் பகலில் அதை அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் போட்டுக் காட்டி, என்ன சத்தம் என்று கண்டுபிடிக்கச் சொல்லவேண்டும். பெரியவர்கள் பிழையாகச் சொன்னால் பிள்ளைக்குப் புள்ளி. (கட்டாயம் இரண்டாவது பிழையாகச் சொல்லுங்கள்.) இரவில் அதே சத்தம் வரும்போது, "அது நான் பிடிச்ச சத்தம்" என்று பிள்ளை சொல்லும். பிடிபட்ட சத்தம் பயமுறுத்தாது. ஒரு வாரத்தில் ஒரு சிறுமி பன்னிரண்டு சத்தம் சேர்த்து, அதில் ஒன்று தாத்தாவின் குறட்டை என்று எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். தாத்தாவும் பக்கத்தில்தான் இருந்தார்.

இரண்டாவது, பேய்க்கு உடுப்புத் தைத்தல். ஃபோனில் அல்லது ரப்லெற்றில் விரலால் வரையும் செயலி ஏதாவது போதும். பிள்ளை தன் பேயை வரையட்டும். இயன்றளவு பயங்கரமாக வரையட்டும், நாம் தடுக்கக்கூடாது. பிறகு அதற்கு ஒரு தொப்பி. பிறகு எங்கள் பள்ளிச் சீருடை, கழுத்துப்பட்டி. பிறகு இரண்டு விரலால் கிள்ளிச் சின்னதாக்கினால் பேய் நெல்லிக்காய் அளவாகிவிடும். காகிதத்தில் வரைந்த பேயைச் சின்னதாக்க முடியாது. இங்கே டிஜிற்றல் கருவி உண்மையாகவே உதவுகிறது. படைத்ததும் தானே, சுருக்கியதும் தானே என்பது பிள்ளையின் விரலுக்கு விளங்கிவிடும். ஒன்றைக் கவனியுங்கள்: பேயைச் சுட்டுக் கொல்லும் விளையாட்டாக இதை மாற்ற வேண்டாம். கொன்றால் திரும்பி வரும். சிரிக்க வைத்தால் வராது.

இன்னொன்று, கதிரையில் தொங்கும் சட்டை ஆளாகத் தெரியும் வீடுகளுக்கு. ஒரே இடத்தில் நின்று வெளிச்சம் போட்டு ஒரு படம், அணைத்து ஒரு படம். இரண்டையும் மாறி மாறித் தட்டிப் பார்க்கச் சொன்னால் ஆள் சட்டையாவதும் சட்டை ஆளாவதும் வேடிக்கையாகிவிடும். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் சுவரில் மானும் முயலும் காட்டும் நிழல் விளையாட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச்சில் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது அநேக வீடுகளில் அது தானாகவே திரும்பி வந்தது.

மெய்நிகர் செல்லப் பிராணி வளர்க்கும் விளையாட்டுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். நாய்க்குட்டிப் பொம்மை வேலை செய்தால் ஃபோனில் உள்ள நாய்க்குட்டியும் வேலை செய்யாதா என்பது நியாயமான கேள்வி. எங்களுக்கு அதில் விருப்பமில்லை. அந்தக் குட்டி நடு இரவில் பசிக்குது என்று மணியடிக்கும். கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கவும் முடியாது. பழைய துணியில் அம்மம்மா தைத்த பொம்மை மேல்.

நேரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். இவை எல்லாம் பகலில், அல்லது பொழுது படும் நேரத்தில் விளையாடவேண்டியவை, படுக்கையில் அல்ல. படுக்கப் போவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரே திரையை அணைத்துவிடும்படி அமெரிக்கச் சிறுவர் மருத்துவர் சங்கம் சொல்கிறது. இரண்டு முதல் நாலு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை முன் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் அறிவித்தது. காரணம் கண்ணில் இருக்கிறது. நித்திரையை வரவழைக்கும் மெலற்றோனின் என்ற ஓமோன் இருட்டில்தான் சுரக்கும். அமெரிக்காவின் கொலராடோவில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைப் படுக்கப் போகுமுன் ஒரு மணித்தியாலம் பிரகாசமான ஒளியில் விளையாட விட்டபோது, அந்த ஓமோன் ஏறத்தாழ நூற்றுக்கு 88 பங்கு குறைந்தது என்று 2018இல் கண்டார்கள். சின்னக் கண் வெளிச்சத்தை அதிகம் குடிக்கும். பயம் தெளிய விளையாடி, நித்திரையைத் தொலைத்தால் என்ன லாபம்? பதினைந்து, இருபது நிமிடம் போதும். பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கவேண்டும். அவருடைய சொந்த ஃபோன் சட்டைப் பைக்குள் இருக்கவேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைதான் மிகக் கடினம் என்று தகப்பன்மார் சொல்கிறார்கள்.

கடல் கடந்திருக்கும் தோழியருக்குத் தனியாக ஒரு வார்த்தை. இங்கே எங்கள் பிள்ளைகள் அம்மம்மாவோடு பாயில் படுத்தே வளர்ந்தார்கள். தனி அறை, தனிக் கட்டில் என்பது எங்கள் வழக்கத்தில் இருந்ததில்லை. அங்கே பிள்ளை ஒரு வயதிலேயே தனி அறைக்குப் போகவேண்டும் என்று தாதியர் சொல்ல, இங்கிருந்து அம்மா ஃபோனில் "பச்சைப் பிள்ளையைத் தனியப் போட்டிருக்கிறியே" என்று கேட்க, நடுவில் நீங்கள் அகப்பட்டுக்கொள்கிறீர்கள். எங்கள் அபிப்பிராயம்: பெற்றோருடன் படுக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, குடும்பம் நிம்மதியாக உறங்கினால் அதை மாற்ற அவசரப்படவேண்டாம். மாற்ற விரும்பினால் அம்மம்மாவையே துணைக்கு அழையுங்கள். கோடை காலத்தில் ரொறன்ரோவில் இரவு எட்டு மணி என்றால் யாழ்ப்பாணத்தில் காலை ஐந்தரை. அம்மம்மா எழும்பித் தேத்தண்ணி வைத்திருப்பா. அவ ஒரு சின்னக் கதையைக் குரல் பதிவாக அனுப்பட்டும். திரை அணைந்திருக்க, குரல் மட்டும் அறையில் கேட்கட்டும். ஊர்ச் சேவல் கூவுவதும் அதில் விழும். "அங்கை விடிஞ்சிட்டுது, இங்கையும் விடியும்" என்று ஒரு பேரப்பிள்ளை சொன்னதாக எங்கள் தோழி ஒருவர் எழுதியிருந்தார்.

விடுதியில் இருந்தவர்கள் சிரிப்பது தெரிகிறது. ஆம், மாடிப்படியடியில் கொலுசுச் சத்தம் கேட்கும் என்ற கதையைத் தரம் ஆறுக்கு வந்த சின்னவர்களுக்குச் சொன்ன அக்காமார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டோம். ஆனால் அதே அக்காமார்தான் இரவில் கழிப்பறைக்குப் போக எங்களை நால்வர் நால்வராகக் கைகோத்து, ஒருவர் பாட்டின் முதல் எழுத்தைச் சொல்ல மற்றவர் பாடவேண்டும் என்று விளையாட்டு வைத்துக் கூட்டிப்போனார்கள். கிணற்றடி தாண்டியது தெரியாமலே தாண்டினோம். ஆய்வு நூல்களில் நாங்கள் பின்னர் படித்ததை அவர்கள் அப்போதே அறிந்திருந்தார்கள்.

எல்லாப் பயத்துக்கும் விளையாட்டு மருந்தல்ல என்பதையும் வைத்தியராகச் சொல்லியாக வேண்டும். படுத்து ஒன்று, இரண்டு மணித்தியாலத்துக்குள் பிள்ளை திடீரென அலறி எழுந்து, கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் காணாமல், காலையில் எதுவும் நினைவில்லாமல் இருந்தால் அது இரவுத் திகில். எழுப்ப வேண்டாம், விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். விடியற்புறம் எழும்பிக் கனவைச் சொல்லி அழுதால் அது கெட்ட கனவு, அணைத்துக்கொள்ளுங்கள். கடும் குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதுமாக இருந்தால், கை கால் ஒரே மாதிரி இழுத்தால், எங்களிடம் கொண்டுவாருங்கள். நூல் கட்டுவதையோ திருநீறு போடுவதையோ நாங்கள் தடுப்பதில்லை. கட்டிவிட்டுக் கிளினிக்குக்கும் வாருங்கள்.

இன்னொன்றை மெதுவாகச் சொல்கிறோம். நன்றாக உறங்கிய பிள்ளை திடீரென்று படுக்கப் பயந்தால், பேய்க்குப் பயப்படாமல் ஓர் ஆளுக்குப் பயந்தால், குறித்த ஒரு வீட்டில் மட்டும், குறித்த ஒருவர் வந்து தங்கும் நாட்களில் மட்டும் பயந்தால், நின்ற படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்கினால், அங்கே விளையாட வேண்டாம். பேயை வரைந்து தொப்பி போடவும் வேண்டாம். பிள்ளையை நம்புங்கள். உட்கார்ந்து, அவசரப்படாமல் கேளுங்கள். அந்த ஆள் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் பிள்ளையை அவரோடு தனியே விடாதீர்கள். எங்களிடம் வாருங்கள், அல்லது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். "குடும்ப மானம்" என்ற சொல்லால் அடக்கப்பட்ட பிள்ளைகளை நாங்கள் வாட்டில் பார்த்திருக்கிறோம். வளர்ந்த பின்னர் கிளினிக்கிலும் பார்த்திருக்கிறோம். அவர்களுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. கேட்க ஆளில்லாமல் போனது.

உரை முடிந்ததும் தோழியர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கான பதில்களையும் மலர்க் குழுவினரின் விருப்பப்படி இங்கே சேர்க்கிறோம்.

அறையில் விளக்கு எரியலாமா? எரியலாம். தரையோடு ஒட்டிய, மங்கலான மஞ்சள் அல்லது சிவப்பு வெளிச்சம் நல்லது. நீல வெள்ளை எல்.ஈ.டி. வேண்டாம். வாரத்துக்கு வாரம் விளக்கைக் கட்டிலில் இருந்து ஓரடி தள்ளி வைக்கலாம். தள்ளும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள்.

தாய்க்கே இருட்டுப் பயம் என்றால் என்ன செய்வது? கேட்ட தோழி சிரித்துக்கொண்டுதான் கேட்டார், மண்டபம் சிரிக்கவில்லை. பிள்ளையிடம் மறைக்கத் தேவையில்லை என்பது எங்கள் பதில். "அம்மாவும் சின்னனிலை பயந்தனான், சத்தம் கேட்டால் இப்பவும் திடுக்கிடும், பிறகு மூச்சை மெல்ல விட்டுப் பார்ப்பன், சரியாகும்" என்று சொல்லலாம். நடந்ததை எல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்கு விவரிக்க வேண்டாம். பயம் வந்து போகும் என்பதை மட்டும் அது கண்ணால் காணட்டும். சத்த வேட்டைக்கு நீங்களும் போங்கள். இரவில் நித்திரை வராமல், நெஞ்சு படபடத்து, பழைய காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தால் மனநல வைத்தியரிடம் போக வெட்கப்படாதீர்கள். போதனா வைத்தியசாலைகளிலும் பெரிய அரசாங்க வைத்தியசாலைகளிலும் அதற்கான கிளினிக் இருக்கிறது, கட்டணம் இல்லை. கேட்ட தோழியோடு அன்று பின்னேரமே வாசலடியில் நின்று நெடுநேரம் கதைத்தோம். அவர் மகளுக்கு ஆறு வயது. இதுவரை ஒன்பது சத்தம் பிடித்துவிட்டார்களாம்.